ஏரியும் பறவையும் ஆயக்கட்டும்: வேடந்தாங்கல் தரும் பாடம்

ஓர் ஏரிக்கு உரிமை கொண்டாடுவோர் ஒருவரல்லர். மதகடிக் கழனிக்காரரும் கடைமடைக் கழனிக்காரரும் அதன் நீரை நம்பியிருக்கிறார்கள். மீன் குத்தகை எடுத்தவர் மீனை நம்பியிருக்கிறார். மாடு வைத்திருப்போர் நீர் வடிந்த பின் முளைக்கும் புல்லை எதிர்பார்க்கிறார்கள். ஊராட்சிக்கு ஏரி உள்வாய்க் கருவேல மரங்களின் ஏலத்தொகை வேண்டும். இவ்வளவு பேருக்கும் நடுவே கார்த்திகை மாதத்தில் கொக்கும் நாரையும் வந்து அந்த மரங்களிற் கூடு கட்டிவிட்டால், வன இலாகாவும் ஒரு கட்சியாகச் சேர்ந்துவிடுகிறது. இத்தனை கட்சிகளையும் ஒருவரோடொருவர் பகைக்காமல் ஒரே ஏரியைக் கொண்டு வாழச் செய்வது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பெருநகர், உத்திரமேரூர்ப் பகுதியிலுள்ள குடியானவர்களுக்கு இக்கேள்வி அயலானதன்று. இப்பிரதேசம் ஏரிகளாலும் தாங்கல்களாலும் வாழும் பிரதேசம். இங்குள்ள ஏரியோரங்களிலும் கழனிகளிலும் இரை தேடும் நாரைகளும் கொக்குகளும் சுற்றுப்புற ஏரி மரங்களிலேயே தங்கி இனம் பெருக்குகின்றன. அவ்வகைப் பறவைகளின் தலைமை இருப்பிடம் அண்டையிலுள்ள மதுராந்தகம் தாலூகாவைச் சேர்ந்த வேடந்தாங்கல் ஆகும். அங்கே 200 ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வந்திருப்பதை ஆராய்ந்தால், எந்த முறை பலித்தது, எந்த முறை பலிக்கவில்லை என்பது தெளிவாகும்.

வேடந்தாங்கலின் பூர்வ விருத்தாந்தம்

வேடந்தாங்கல் என்னும் பெயர் வேடர்களின் தாங்கல் எனப் பொருள்படும். முற்காலத்தில் இவ்விடம் வேட்டைக்குரிய இடமாக இருந்ததென்பர். கும்பினியார் ஆட்சி ஏற்பட்ட பின், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுடலாயினர். கிராமத்தார் அதைப் பொறுக்கமாட்டாதவர்களாய்ச் செங்கற்பட்டு ஜில்லாக் கலெக்டரிடம் சென்று முறையிட்டனர். அப்போது கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ் துரை. மதுராந்தகத்து ஏரி காத்த இராமர் கோயிற் கதையில் வரும் கலெக்டரும் இவரே. 1798ஆம் ஆண்டில் இவர் கிராமத்தாருக்கு ஒரு கவுல் அளித்தார். ஏரியிலுள்ள பறவைகளை எவரும் சுடலாகாதென்றும், அவற்றைக் காக்கும் உரிமை கிராமத்தாருக்கே உண்டென்றும் அதனால் ஏற்பட்டது. 1858இல் அவ்வுரிமை மறுபடியும் உறுதிப்படுத்தப்பட்டது.

அதன்பின் 1936இல் இவ்வேரி பறவைகளின் சரணாலயமாக அங்கீகாரம் பெற்றது. 1962இல் சென்னை வனச் சட்டத்தின் கீழும், பின்னர் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை அனுசரித்து 1998இலும் அறிவிக்கைகள் பிறந்தன. 2022இல் வேடந்தாங்கலும், அதனை அடுத்த கரிக்கிலிப் பறவைகள் சரணாலயமும் ராம்சார் ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் ஜாபிதாவிற் சேர்க்கப்பட்டன. ஈரான் தேசத்து ராம்சார் நகரில் 1971இல் ஏற்பட்ட அவ்வொப்பந்தம், நீர்நிலையை மனிதர் தீண்டாமல் பூட்டி வைக்கும்படி சொல்லவில்லை. அறிவோடு உபயோகித்துக் காக்கும்படியே சொல்லுகிறது. வேடந்தாங்கற் கிராமத்தார் அதனை 1798க்கு முன்பே அறிந்திருந்தனர் என்றால் மிகையாகாது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பறவையைக் காக்க வேண்டுமென்று சர்க்கார் கிராமத்தாரை வற்புறுத்தவில்லை. கிராமத்தாரே சர்க்காரை வற்புறுத்தினர். அவர்கள் அவ்வாறு செய்ததற்குத் தர்ம சிந்தை ஒரு காரணமாகலாம். ஆயினும் கழனியில் விளைந்த நெல்லும் ஒரு காரணமாகும்.

எச்சம் என்னும் எரு

வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கரே. அதன் உள்வாயில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களிலும் கருவேல மரங்களிலும் ஐப்பசி, கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரையில் ஆயிரக்கணக்கான பறவைகள் கூடியிருக்கின்றன. மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, வக்கா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா, கொக்கு வகைகள் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. குளிர்காலத்தில் வடதேசங்களிலிருந்து ஊசிவால் வாத்து முதலியவும் வந்து சேருகின்றன.

இப்பறவைகள் சுற்றிலுமுள்ள ஏரிகளிலும் கழனிகளிலும் மீன், நண்டு, நத்தை, தவளை, பூச்சி ஆகியவற்றைத் தின்று, மாலையில் இவ்வேரிக்குத் திரும்பி எச்சமிடுகின்றன. பல ஊர்களில் சிதறிக் கிடந்த சத்து ஓர் ஏரியில் வந்து குவிகின்றது. பறவையின் எச்சத்தில் தழைச்சத்து மிகுதி. மீன் எலும்பு செரிப்பதால் மணிச்சத்தும் உண்டு. தழைச்சத்து நீரிற் கரைந்து மதகு வழியே கழனிக்குப் பாய்கிறது. மணிச்சத்திற் பெரும்பகுதி வண்டலில் தங்குகிறது. ஆதலின் இந்த ஏரியின் நீர் பாயும் கழனிகளுக்குக் கடை உரம் குறைவாகவே தேவைப்படுகிறதென்பது அவ்வூர்க் குடியானவர்களின் நெடுநாளைய அனுபவம்.

தென் அமெரிக்காவிலுள்ள பெரு தேசத்தின் கடலோரத் தீவுகளில் கடற்பறவைகளின் எச்சம் மலைபோற் குவிந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் அதைக் கப்பல் கப்பலாக வெட்டிச் சென்றனர். பறவைகளைக் கலைத்தனர், இருப்பும் தீர்ந்தது. பின்னர் 1909இல் அத்தேசத்தார் இதற்கென ஒரு நிர்வாகத்தை ஏற்படுத்திக் காவல் போட்டு, பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலத்தில் எரு வெட்டாமல் முறை வைத்த பிறகே பறவையும் எருவும் மறுபடி பெருகின. முதலை அழித்தால் வட்டியும் போய்விடும் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டுவதில்லை.

எருவேயன்றி வேறு அனுகூலங்களும் உள்ளன. கொக்குகள் உழவின்போது ஏர்ச்சாலின் பின்னே நடந்து புழுவையும் பிள்ளைப்பூச்சியையும் பொறுக்குகின்றன. வரப்பைத் துளைக்கும் நண்டையும் அவை விடுவதில்லை. நத்தைகுத்தி நாரையின் பிரதான ஆகாரம் நத்தையே. நெற்பயிரில் பூச்சி தின்னும் பறவைகள் உட்காருவதற்குத் தாங்கிகளை நட்டுவைக்கும்படி விவசாய இலாகா சொல்லி வருவதும் இக்கருத்துப் பற்றியே.

நஷ்டங்களை மறைக்கலாகாது

எனினும் லாபத்தை மட்டும் எடுத்துச் சொல்லி, நஷ்டத்தை மறைத்தால் எந்தக் குடியானவனும் நம்பமாட்டான். நம்பவும் கூடாது. ஊசிவால் வாத்து முதலிய வாத்தினங்கள் இரவில் கழனியில் இறங்கி நெல்லைத் தின்கின்றன. நீலத் தாழைக்கோழி இளம்பயிரைப் பிடுங்கிப் போடுகின்றது. நீர்க்காகமும் நாரையும் குத்தகைதாரர் விட்ட மீன்குஞ்சுகளைத் தின்றுவிடுகின்றன. பட்டா நிலத்திலுள்ள புளியமரத்தில் பறவைகள் கூடு வைத்தால் அவ்வருஷம் புளி உலுக்குவதற்கு வழியில்லை.

நஷ்டம் ஒருவனுக்கும் லாபம் மற்றொருவனுக்குமாக அமைவதே வழக்குக்கு மூலம். எரு கலந்த நீரால் மதகடிக் கழனிக்காரர் லாபமடைய, மீன் நஷ்டம் குத்தகைதாரர் தலையில் விழுகிறது. ஆகையால் முதலில் செய்ய வேண்டுவது, யாருக்கு எவ்வளவு லாபம், யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று ஒரு கணக்கு எழுதுவதாகும். கர்நாடகத்திலுள்ள கொக்கரே பெள்ளூர் என்னும் ஊரில், புளிய மரங்களில் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. அம்மரங்களின் மகசூல் நஷ்டத்துக்கு வன இலாகா ஈட்டுத்தொகை தரும் வழக்கத்தை அங்கே ஏற்படுத்தினர். மரத்துக்குரியவர் மரத்தை வெட்டாமல் வைத்திருக்க அது ஒரு காரணமாயிற்று. 2007இல் அவ்வூர் சமுதாயக் காப்பிடமாகவும் அறிவிக்கப்பட்டது. திருநெல்வேலி ஜில்லாவிலுள்ள கூந்தன்குளத்திலும் வீட்டோர மரங்களிற் பறவைகள் கூடு கட்ட, ஊரார் அவற்றுக்கு இடையூறு செய்யாமல் வாழ்கின்றனர்.

நவரைப் பட்டமும் பறவைக் கூடும்

இப்பகுதியில் வழக்கு முற்றுவது தை, மாசி மாதங்களில். சம்பா அறுவடையான பின் ஏரியில் நீர் மீதமிருந்தால் நவரைப் பட்டத்துக்கு நாற்று விடுவது வழக்கம். அதே சமயத்தில்தான் கூடுகளிற் குஞ்சுகள் இருக்கின்றன. நாரை முட்டை பொரிய ஏறக்குறைய 1 மாதமும், குஞ்சு இறகு முளைத்துப் பறக்க ஏறக்குறைய 2 மாதமும் பிடிக்கும். மார்கழியில் இட்ட முட்டை பங்குனியிற்றான் பறவையாகும்.

மரத்தடியில் நீர் நிற்கும் வரையில் நரி, நாய், காட்டுப்பூனை ஆகியவை கூட்டை அணுகமாட்டா. நீர் வற்றினால் காவல் போயிற்று. இரையும் அருகிவிடும். தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுப் போவதும் உண்டு. மழை பொய்த்த ஆண்டுகளில் வேடந்தாங்கலில் பறவைகள் குறைந்துபோனதைப் பலரும் கண்டிருக்கிறார்கள். ஆகவே, நவரைக்கு மதகைத் திறந்தால் குஞ்சு சாகும். திறவாவிட்டால் பயிர் சாகும் என்னும்படியான நெருக்கடி நேரிடுகிறது.

இதற்குத் தீர்வு மதகைத் திறக்கும் நாளன்று காண முடியாது. நாற்று விடுமுன்பே கண்டாக வேண்டும். மார்கழி முதல் வாரத்தில் ஏரியின் நீர்மட்டத்தை அளந்து, மரத்தடியில் நிற்க வேண்டிய நீருக்கு ஒரு குறியிட்டு, மீதமுள்ள நீர் எத்தனை ஏக்கர் நவரைக்குக் காணும் என்று கணக்கிட வேண்டும். அந்த அளவுக்கே நெல் நட்டு, எஞ்சிய கழனியில் கேழ்வரகு, உளுந்து, மணிலாக் கொட்டை முதலியவற்றைப் பயிரிடலாம். கேழ்வரகுக்கு நெல்லுக்கு வேண்டிய நீரிற் பாதிகூட வேண்டாம். உளுந்து மண்ணுக்குத் தழைச்சத்தையும் சேர்க்கும். கிணறுள்ளவர் கிணற்று நீரைக்கொண்டு நெல் வைத்து, ஏரி நீரில் தம் பங்கைக் கடைமடைக்கு விட்டுக்கொடுத்தால் இன்னும் உத்தமம். விட்டுக்கொடுப்பவருக்கு வண்டல் எடுப்பதில் முதல் உரிமை கொடுப்பது நியாயமாகும்.

பரத்பூரில் நேர்ந்தது

குடிகளைக் கலக்காமல் உத்தரவு மட்டும் போட்டால் என்ன நேரும் என்பதற்கு ராஜஸ்தானத்துப் பரத்பூர் சாட்சி. அங்குள்ள கேவலதேவ் ஏரிகள் முன்னாளில் மகாராஜாவின் வாத்து வேட்டைக்கு உரியவை. 1938இல் வைசிராய் வந்த ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. பிற்பாடு அவ்விடம் தேசீயப் பூங்காவாயிற்று. 1982இல் சுற்றுக் கிராமத்தாரின் மாடும் எருமையும் உள்ளே மேய்வது திடீரென்று தடுக்கப்பட்டது. குடிகள் எதிர்த்தனர். கலகம் மூண்டு, போலீசார் சுட்டதில் உயிர்ச்சேதமும் உண்டாயிற்று.

அதன் பின்னர் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. மேய்ச்சல் நின்றதால் நீரில் ஒருவகை அறுகு இனப் புல் மண்டி, திறந்த நீர்ப்பரப்பை மூடியது. மீனும் வாத்தும் குறைந்தன. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பல ஆண்டுகள் ஆராய்ந்து, எருமை மேய்ச்சல் அந்த நீர்நிலைக்கு நன்மையே செய்து வந்ததென்று கண்டனர். எவனைப் பறவையின் சத்துரு என்று வெளியே நிறுத்தினார்களோ அவனுடைய எருமையே பறவைக்குத் துணையாயிருந்தது. பிற்காலத்தில் பாஞ்சனா அணையின் நீர் மேல்மடை விவசாயிகளுக்கா, கீழேயுள்ள பூங்காவுக்கா என்றும் அங்கே வழக்கு வந்தது.

பரத்பூரில் குற்றம் சட்டத்தினுடையதன்று. சட்டம் இயற்றுவோர் மாட்டுக்காரனைக் கேளாததே குற்றம். அவனைக் கேட்டிருந்தால் அவன் அறிந்ததைச் சொல்லியிருப்பான்.

ஐந்து கிலோமீட்டர் வட்டம்

வேடந்தாங்கலிலும் வழக்கு இல்லாமலில்லை. 1998ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம் முழுதும் சரணாலயமாகக் கருதப்படுகிறது. ஏரி 74 ஏக்கர். வட்டமோ பல கிராமங்களையும், பட்டா நிலங்களையும், சிற்றேரிகளையும் உட்கொண்டது. 2020இல் அவ்வட்டத்தை 3 கிலோமீட்டராகக் குறைக்கலாமென்று வன இலாகா ஒரு யோசனையை முன்வைத்தது. வட்டத்துக்குள்ளே மருந்துத் தொழிற்சாலை ஒன்று விஸ்தரிப்புக்கு அனுமதி கேட்டிருந்த சமயமாதலால், யோசனையைப் பற்றிப் பலத்த ஆக்ஷேபம் எழுந்தது. பின்னர் அந்த யோசனை திரும்பப் பெறப்பட்டது.

இவ்விஷயத்தில் இரு பக்கத்தாரும் சொல்லியதில் நியாயம் இல்லாமலில்லை. வட்டத்துள் நிலம் வைத்திருப்பவன், தன் நிலத்தை மாற்றவும் விற்கவும் தடை வருமோ என்று அஞ்சுகிறான். ஆனால் பறவை 74 ஏக்கரில் உறங்குகிறதேயொழிய, 74 ஏக்கரில் உண்பதில்லை. அது இரை தேடுவது வெளியிலுள்ள ஏரிகளிலும் கழனிகளிலும். வெளிநீர் கெட்டால் உள்மரம் காலியாகும். எல்லையைக் குறைப்பதால் வரும் லாபம் ஒரு சிலருக்கும், எரு கலந்த நீர் போவதால் வரும் நஷ்டம் ஆயக்கட்டு முழுவதற்கும் ஆகுமானால், அந்தக் கணக்கு ஊரார் முன்னிலையில் பார்க்கப்பட வேண்டியதே. வரைபடத்தில் கோடு போடுமுன் கோட்டுக்கு உட்பட்ட கிராமங்களின் சபையில் அதைப் படித்துக் காட்டியிருந்தால் மனஸ்தாபத்திற் பாதி குறைந்திருக்கும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் முறை

பல கட்சிகளைக் கூட்டி ஒரு ஏரியை நடத்தும் வித்தை இப்பகுதிக்குப் புதிதன்று. உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழனுடைய 12ஆம், 14ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், அதாவது கி.பி. 919, 921ஆம் வருஷத்தவை, இன்றும் காணலாம். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடத்தில் ஓலையிட்டு, சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து வாரியப் பெருமக்களைத் தெரிந்தெடுத்தனர். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி 360 நாள். வைரமேக தடாகம் என்னும் பெரிய ஏரி அவ்வூர்க்கு ஜீவாதாரம். ஆகவே ஏரிக்கென்றே தனி வாரியம் இருந்தது.

அக்கல்வெட்டில் இரண்டு விதிகள் இன்றைக்கும் பொருந்தும். மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் மறுபடி வரக்கூடாது. அதனால் ஏரி ஒருவர் கைச்சொத்தாகாமற் போயிற்று. வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு அருகரல்லர். அதனால் பொதுப்பணம் மறையாமற் போயிற்று. ஆயினும் அச்சபையில் குறையும் உண்டு. கால் வேலிக்கு மேல் நிலமும் சொந்த மனையும் வேதக்கல்வியும் உடையவர்க்கே அதில் இடம். உழுதவனுக்கும் மாடு மேய்த்தவனுக்கும் பெண்டிருக்கும் அதில் குரல் இல்லை. இன்றைய கிராமத்தார் அக்கல்வெட்டிலுள்ள கணக்கு விதியை எடுத்துக்கொண்டு, அதன் வேலியைத் தள்ளிவிடுவதே தகுதி.

கிராமத்தார் செய்யத்தக்கவை

தம் ஏரியிலோ தாங்கலிலோ பறவைகள் கூடு கட்டத் தொடங்கியிருக்கும் கிராமத்தார் கீழ்க்கண்ட முறையைக் கைக்கொள்ளலாம்.

1. ஏரி யாருடைய பொறுப்பிலுள்ளது என்பதை முதலில் அறிக. 40 ஹெக்டேர், அதாவது 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வள இலாகாவின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருப்பது வழக்கம். பொறுப்புள்ள அதிகாரி இல்லாமற் செய்த ஏற்பாடு நிலைக்காது.

2. கட்சிகளை எல்லாம் ஜாபிதா எழுதுக. மதகடிக்காரர், கடைமடைக்காரர், குத்தகைக்கு உழுவோர், மீன் குத்தகைதாரர், மாட்டுக்காரர், ஆட்டுக்காரர், நீர்கட்டி, ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனக் காவலர் ஆகியோர் அதில் அடங்குவர். கூட்டத்திற்கு வாராதவர் எவரோ அவரிடமிருந்தே பிற்பாடு வழக்கு வரும். கடைமடைக்காரரையும் மாட்டுக்காரரையும் அவர்களுக்கு வசதியான வேளையில் அழைப்பது முக்கியம்.

3. மரத்தடி நீருக்குக் கல் நாட்டிக் குறியிடுக. பங்குனி முடியும் வரையில் அக்குறிக்குக் கீழ் நீரை இறக்குவதில்லை என்று ஊரார் ஒப்புக்கொள்ள வேண்டும். மழை பொய்த்த வருஷத்தில் என்ன செய்வதென்பதையும் அப்போதே எழுதி வைக்க வேண்டும். வறட்சி வந்த பின் எழுதினால் சண்டையே மிஞ்சும்.

4. மீன் குத்தகை ஏலத்தின்போதே பறவை தின்னும் பங்கைச் சொல்லிவிடுக. அதற்கு ஏற்பக் குத்தகைத் தொகையைக் குறைத்து, ஏரியில் வெடியும் வலைக்கண்ணியும் பறவைக்கு வைப்பதில்லை என்று ஷரத்து எழுதிக்கொள்ளலாம்.

5. கருவேல மரங்களைக் கூடுள்ள காலத்தில் ஏலம் விடலாகாது. வைகாசிக்குப் பின் வெட்டலாம். அப்போதும் ஒரே வருஷத்தில் முழுவதையும் வெட்டாமல் பகுதி பகுதியாக வெட்டி, வெட்டிய இடத்தில் நீர்க்கடம்பு நடுவது நல்லது. சீமைக் கருவேலைக் களைந்தாலும், கூடுள்ள மரத்தை மாற்று மரம் வளருமுன் அகற்றலாகாது.

6. கோடையில் வண்டல் எடுக்கும்போது மரங்கள் நிற்கும் திட்டுகளைத் தோண்டாமல் விடுக. கரையடியிலும் ஆழமாக வெட்டலாகாது. அரசாங்க அனுமதி பெற்று, ஏரியின் நடுப்பகுதியிலிருந்து மெல்லிய அடுக்காக எடுப்பதே முறை. எச்சம் படிந்த வண்டல் கழனிக்கு நல்ல எருவாதலால், அதனைக் கடைமடைக்காரருக்கும் பங்கிட வேண்டும்.

7. வரவுக்காலையும் நீர்ப்பிடிப்பையும் சுத்தமாக வைத்துக்கொள்க. பூச்சிமருந்து தெளித்த கருவியை ஏரியிற் கழுவலாகாது. நத்தையையும் மீனையும் கொல்லும் குருணை மருந்துகளை ஏரியோரக் கழனியில் தவிர்த்து, வேப்பம் புண்ணாக்கு, விளக்குப் பொறி ஆகியவற்றைக் கையாளலாம். எருகலந்த நீர் பாயும் கழனிக்கு மண் பரிசோதனை செய்து பார்த்து, யூரியாவைக் குறைத்துக்கொள்வது செலவையும் குறைக்கும், பயிர் சாய்வதையும் தடுக்கும்.

8. வாத்தும் தாழைக்கோழியும் வரும் கழனியில் நாற்றை முற்றவிட்டு நடுதல், வரப்போரச் சம்பைக் களைதல், மின்னும் நாடா கட்டுதல் ஆகியவற்றால் நஷ்டத்தைக் குறைக்கலாம். மரத்தடியில் வெடி போடுவதும் ஒலிபெருக்கி வைப்பதும் கூடா. வேடந்தாங்கலார் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை என்பது யாவரும் அறிந்தது.

9. நஷ்டத்துக்கு ஒரு பொது நிதி வைத்துக்கொள்க. வண்டலிலிருந்தும், மீன் குத்தகையிலிருந்தும், பறவை பார்க்க வருவோரிடமிருந்தும் சட்டப்படி கிடைக்கும் வருமானத்தில் ஒரு பங்கை ஊராட்சி மூலம் ஒதுக்கி, மரத்தையோ மீனையோ இழந்தவருக்குத் தரலாம்.

சட்டத்திலுள்ள வழிகள்

பறவைகள் வந்துவிட்டால் நிலம் பறிபோய்விடும் என்ற அச்சத்தாலேயே சிலர் கூடுகளைக் கலைத்துவிடுவதுண்டு. அது அறியாமையால் வரும் அச்சம். சரணாலயம் ஏற்படும்போது கலெக்டர் உரிமைகளை விசாரிக்க வேண்டுமென்றும், வன உயிரினத் தலைமை அதிகாரியைக் கலந்து ஏற்கெனவே உள்ள உரிமை தொடர்வதற்கு அனுமதிக்கலாமென்றும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே விதி உண்டு. விசாரணையின்போது எழுத்து மூலமாக உரிமையைச் சொல்லிக்கொள்ளாதிருப்பதே பெரும் நஷ்டம். பாசன உரிமை, பாதை உரிமை, மேய்ச்சல் வழக்கம் ஆகியவற்றுக்கான அடங்கல் நகல், கிராமக் கணக்கு முதலியவற்றைச் சேகரித்து வைத்துக்கொள்வது விவேகம்.

2002இல் செய்த திருத்தத்தால், ஒவ்வொரு சரணாலயத்துக்கும் ஓர் ஆலோசனைக் குழு ஏற்பட வேண்டும் என்றும், அதில் தொகுதிச் சட்டசபை அங்கத்தினரோடு உள்ளாட்சிப் பிரதிநிதிகள் 3 பேரும் இருக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டிருக்கிறது. ஊராட்சியார் இவ்விடத்தைக் கேட்டுப் பெறுதல் அவசியம். சரணாலயமல்லாத இடத்தில், நிலத்துக்குரியவரோ ஊராரோ தாமே முன்வந்தால் சமுதாயக் காப்பிடம் என்று அறிவிக்கச் செய்யவும் அதே திருத்தம் இடந்தருகிறது. அதனை நடத்தும் குழுவில் ஊராட்சி நியமிக்கும் ஐந்து பேருக்குக் குறையாமல் இருப்பர். ஆனால் அறிவிக்கை ஆன பின் நில உபயோகத்தை மாற்றுவதற்குக் குழுவின் தீர்மானமும் சர்க்கார் சம்மதமும் வேண்டும். இதை முன்னமே தெரிந்துகொண்டு, கிராம சபையில் நன்றாக விவாதித்த பிறகே சம்மதிக்க வேண்டும். பாசன விஷயத்தில், 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் உள்ள இடங்களில் அச்சங்கத்தையே முன்னிறுத்துவது எளிது.

கணக்கு வாசிக்கும் நாள்

ஏற்பாடு எவ்வளவு நல்லதாயினும், வருஷத்துக்கு ஒருமுறை கணக்குப் பாராவிட்டால் இரண்டு வருஷத்தில் மறந்துபோம். மார்ச்சு 22ஆம் தேதி, உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. அது பங்குனி மாதம். நவரை கதிர்விடும் காலம். குஞ்சுகள் சிறகடிக்கும் காலம். அன்று ஏரியின் நீர்மட்டம், நட்ட ஏக்கர், மீன் குத்தகை, நஷ்ட ஈடு, கூடுகளின் எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, ஊரார் முன் உரக்க வாசிக்க வேண்டும். கூடுகளை எண்ணும் வேலையைப் பள்ளிப் பிள்ளைகளிடம் விடலாம். வாசித்த கணக்கு தப்பாயிருந்தால் மறுக்க ஒருவன் எழுந்திருப்பான். மறுப்பு எழுந்த இடத்திலேயே அதைத் தீர்த்துக்கொண்டால், அது போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் போகாது.

1798இல் வேடந்தாங்கலார் கலெக்டரிடம் கேட்டது பணமன்று. தங்கள் ஏரியைத் தாங்களே காத்துக்கொள்ளும் உரிமையைத்தான். அவ்வுரிமையைக் கேட்கும் துணிவும், அதனோடு கூடிய பொறுப்பை ஏற்கும் மனமும் எந்தக் கிராமத்தில் உண்டோ, அந்தக் கிராமத்தில் பறவையும் தங்கும், நெல்லும் விளையும். வரும் மார்கழியில் மதகு திறக்குமுன், பெருநகர்ப் பகுதியிலுள்ள ஒவ்வோர் ஏரியின் ஆயக்கட்டுதாரர்களும் ஒருமுறை கரையிற் கூடி, நீர்மட்டத்தையும் மரத்தையும் நேரிற் பார்த்து, மேற்சொன்ன முதல் மூன்று காரியங்களையாவது தொடங்குவார்களாக.